மெக்கானிக் உக்காந்தா மட்டும் ஒழுங்கா ஓடுற வண்டி

பழைய வண்டி வெச்சிருக்கவங்க எல்லாருக்கும் இது ஒரு தடவயாவது நடந்திருக்கும். நல்லா ஓடிட்டிருக்க வண்டி பாதி வழியில லேசா ஒரு மிஸ்ஸிங், அதாவது இன்ஜின் நடுவுல எரியாம ஒரு துடிப்பு விடறது, அடிக்கும், ரெண்டு ஜெர்க் குடுக்கும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி போகும். சரின்னு ஒர்க்‌ஷாப்ல கொண்டுபோய் விட்டா அங்க எவ்வளவு நேரம் ரேஸ் பண்ணி பாத்தாலும் வராது, டாக்டர் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் இருமல் நின்னுபோற புள்ள மாதிரி. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து சாவிய கையில குடுத்து "தம்பி, வண்டி நல்லாத்தானே ஓடுது"ம்பாரு. "இல்லண்ணே, எனக்கு மட்டும் வருதுண்ணே"ன்னா ஒரு மாதிரி பாப்பாரு. அவரு பொய்யும் சொல்லல, நாமளும் பொய் சொல்லல. ரெண்டு பேரும் ஓட்டுற விதம் வேற, விஷயமே அதுலதான் இருக்கு. அதுக்கு கீழ வரேன்.

என் வண்டி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்கறது) வெச்ச கார், நாலு சிலிண்டர், பாயின்ட் வெச்ச டிஸ்ட்ரிபியூட்டர். டிஸ்ட்ரிபியூட்டர்ங்கறது ஸ்பார்க்குக்கான கரன்ட்ட ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்பறது, பாயின்ட்டுங்கறது அதுக்குள்ள மூடி தொறக்கற ஒரு சின்ன சுவிட்சு. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, ஸ்கேனர் மாட்ட போர்ட் கிடையாது. ஓபிடி-2 ன்னு சொல்றாங்களே, வண்டியே தன் கோளாற கோடா சொல்ற ஏற்பாடு, அதெல்லாம் 1996 மாடல்லேர்ந்து அமெரிக்காவுல கட்டாயமாக்கி அப்புறம் மத்த எடத்துக்கு பரவுனது, என்னுது மாதிரி கம்ப்யூட்டரே இல்லாத வண்டி தானா வாயத் தொறந்து எதுவும் சொல்லாது, நாமதான் கேக்கணும்.

எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே இந்த வண்டிக்கு இந்த கோளாறு இருந்திருக்கு போல. பழைய பில்லெல்லாம் டேஷ்போர்டு பெட்டிக்குள்ள கிடந்துச்சு, ப்ளக் (சிலிண்டருக்குள்ள பொறி விடறது) மாத்தியிருக்காங்க, ப்ளக் ஒயர் மாத்தியிருக்காங்க, கார்புரேட்டர் கழட்டி சர்வீஸ் பண்ணியிருக்காங்க, காயில் (பேட்டரி கரன்ட்ட ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தறது) மாத்தியிருக்காங்க, பெட்ரோல் பம்ப் கூட புதுசு. இவ்வளவும் மாத்தியும் மிஸ்ஸிங் போகல. எனக்கு இந்த "மாத்திப் பாப்போம்" வைத்தியத்துல நம்பிக்கையே இல்ல, ஏன்னா விட்டு விட்டு வர்ற கோளாறுல ஒரு பார்ட்ட மாத்துனதும் நாலு நாள் வராம இருந்தா சரியாயிடுச்சுன்னு நெனச்சிப்போம், அஞ்சாவது நாள் வந்து நிக்கும். அது சும்மா வராம இருந்த நாலு நாளா, இல்ல புது பார்ட்டால வராத நாலு நாளான்னு எப்படி தெரியும்? அதோட புது பார்ட்டுன்னா நல்ல பார்ட்டுன்னு அர்த்தமில்ல, இப்ப வர்ற கண்டென்சர் (பாயின்ட்டுல பொறி பறக்காம தடுக்கறது), ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள சுத்தி கரன்ட்ட பிரிக்கறது) எல்லாம் டப்பாவ பிரிக்கும்போதே செத்துக்கெடக்கறதும் உண்டு. அதனால நான் ஒரு முடிவோட ஆரம்பிச்சேன், கோளாறு இங்கதான்னு மீட்டர் காட்டுற வரைக்கும் எதையும் கழட்டி மாத்தறதில்ல.

மொதல் வேலை ஒரு சின்ன நோட்டு. எப்ப வந்துச்சு, எப்படி வந்துச்சு, அவ்வளவுதான். இன்ஜின் சூடா இருந்துச்சா கூலிங்கா இருந்துச்சா, டேங்குல எவ்வளவு பெட்ரோல், ஏத்தமா சமமா எறக்கமா, எந்த கியரு, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிச்சிருந்தேன், ஹெட்லைட் போட்டிருந்தேனா, மழையா, பள்ளத்துல எறங்குனப்பவா. "பெட்ரோல் பம்ப் போல" மாதிரி யூகம் எதையும் அதுல எழுதக்கூடாது, பாத்தத மட்டும் எழுதணும். ஏன்னா பம்ப்னு ஒரு தடவ எழுதிட்டா அதுக்கப்புறம் கண்ணுக்கு பம்ப்புக்கு பொருந்தற விஷயம் மட்டும்தான் தெரியும்.

இந்த கேள்வியெல்லாம் சும்மா இல்ல, ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் கைகாட்டும். கூலிங்ல மட்டும் வந்தா சோக் (கூலிங்ல பெட்ரோல் கலவைய கூட்டற மூடி), காத்து லீக் பக்கம். நல்லா சூடானப்புறம் மட்டும் வந்தா காயில், கண்டென்சர், இல்ல பெட்ரோல் பைப்லயே ஆவியாகி அடைக்கறது. மழையிலயும் ஈரத்துலயும் மட்டும் வந்தா ப்ளக் ஒயரு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. டேங்க் பாதிக்கு கீழ போனா வந்தா டேங்குக்குள்ள குப்பை, இல்லன்னா உறிஞ்சற பைப்புல எங்கயோ ஓட்டை. பள்ளத்துல குலுங்குனா வந்தா லூஸ் கனெக்‌ஷன். ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டா வந்தா எர்த் (பாடி வழியா பேட்டரிக்கு திரும்பற கரன்ட் பாதை), இல்லன்னா சார்ஜிங். முழுசா மிதிச்சு ஏத்தத்துல ஏறும்போது மட்டும் வந்தா பெரும்பாலும் பெட்ரோல் பத்தல.

என் நோட்டுல வந்தது கொஞ்சம் விசித்திரமா இருந்துச்சு. ஐட்லிங்ல வரவே இல்ல. முழுசா மிதிச்சா வரல, ஏத்தத்துல நல்லாவே இழுத்துச்சு. சமமான ரோட்டுல டாப் கியர்ல கால லேசா வெச்சு ஒரே வேகத்துல போய்ட்டிருக்கும்போதுதான் வருது. அப்ப கொஞ்சம் அழுத்தி மிதிச்சா நின்னுடுது, கால எடுத்தாலும் நின்னுடுது. இன்ஜின் சூடானப்புறம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா கூலிங்லயும் வந்திருக்கு. மழைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, டேங்க் நெறஞ்சிருந்தாலும் வருது.

இதப் படிச்சதுமே சிலருக்கு பொறி தட்டியிருக்கும். எனக்கு தட்டல, அதனால ஒழுங்கா வரிசையா போனேன்.

வரிசைன்னா மொதல்ல பெட்ரோலா கரன்ட்டான்னு பிரிக்கறது. இதுக்கு சீட்டுல உக்காந்திருக்கும்போது முதுகுல தெரியறதே பாதி சொல்லிடும். பெட்ரோல் பத்தாம வர்ற மிஸ்ஸிங் கொஞ்சம் கொஞ்சமா வரும், மொதல்ல இழுவை கொறையும், அப்புறம் லேசா தள்ளாடும், அப்புறம் குதிக்கும், திரும்பி வர்றதும் மெதுவாத்தான் வரும், ஏன்னா கார்புரேட்டர் ஃப்ளோட் சேம்பர்ல ஒரு கைப்பிடி பெட்ரோல் எப்பவும் நிக்கும், அது காலியாகி திரும்ப நெறைய நேரம் எடுக்கும். கரன்ட் போனா அப்படியில்ல, சுவிட்ச போட்டு அணைச்ச மாதிரி பட்டுனு போகும், பட்டுனு வரும், சில சமயம் எரியாத பெட்ரோல் சைலன்சர்ல போய் டப்புன்னு வெடிக்கும். ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டறது) இருக்க வண்டின்னா இன்னும் சுலபம், பழைய வண்டிகள்ல அந்த மீட்டர் காயிலோட மைனஸ் பக்கத்துலேர்ந்துதான் கணக்கெடுக்கும், அதனால வண்டி கியர்லயே ஓடிட்டிருக்கும்போது முள்ளு மட்டும் திடீர்னு கீழ விழுந்து எழுந்தா காயிலுக்கு போற கரன்ட் பாதையிலதான் வெட்டு. வண்டி வேகம் கொறையாம இன்ஜின் சுத்து மட்டும் அரை செகண்டுல எப்படி கொறையும், கொறையாது, அப்ப மீட்டருக்கு சிக்னல் வரலன்னுதான் அர்த்தம்.

என் வண்டியில அந்த மீட்டர் இல்ல. அதனால பெட்ரோல் பக்கம் மொத்தமா சரியா இருக்கான்னு பாத்துடலாம்னு அத மொதல்ல எடுத்தேன், எடுத்து மூடிட்டா நிம்மதி.

டேங்க் மூடிய மொதல்ல சந்தேகப்படுங்க, காசு செலவே இல்லாத சோதனை. மூடியிலயோ தனியாவோ காத்து போக ஒரு சின்ன வழி இருக்கும், அது அடைச்சா பெட்ரோல் கொறைய கொறைய உள்ள வெற்றிடம் ஆகி பம்ப்பால இழுக்க முடியாது, வண்டி கொஞ்ச தூரம் ஓடி திக்கும். அப்ப நிறுத்தி மூடிய தொறந்தா உஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேக்கும். எனக்கு கேக்கல. அடுத்து கண்ணாடி மாதிரி உள்ள தெரியற ஃபில்டர் ஒண்ண லைன்ல போட்டு விட்டு பாத்தேன். இன்ஜின்ல மாட்டியிருக்க மெக்கானிக்கல் பம்ப் டேங்குலேர்ந்து இழுக்குது, அந்த இழுக்கற பக்கம் ரப்பர் பைப்புல வெடிப்பு இருந்தா பெட்ரோல் வெளிய ஒழுகாது, காத்து உள்ள போகும், அதனால கீழ ஈரம் இருக்கான்னு தேடி பிரயோஜனமில்ல, ஃபில்டர்ல குமிழ் வருதான்னுதான் பாக்கணும். குமிழும் இல்ல, குப்பையும் பெருசா இல்ல.

கடைசியா ஒண்ணு, இது எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை. மிஸ்ஸிங் அடிச்சதும் ஓரமா பத்திரமா நிறுத்தி, இன்ஜின அணைச்சுட்டு, ஏர் ஃபில்டர் மூடிய எடுத்துட்டு, கார்புரேட்டர் வாய்க்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டே ஆக்ஸிலேட்டர் லிங்க்க கையால ஒரு தடவ தள்ளுங்க. மெல்லிசா ஒரு பெட்ரோல் தாரை உள்ள பீச்சும், அது ஆக்ஸிலேட்டர் பம்ப் வேலை. தாரை வந்தா சேம்பர்ல பெட்ரோல் இருக்கு, பம்ப்பு, பைப்பு, டேங்க் எல்லாம் தப்பிச்சுது. தாரை வரலன்னா பெரும்பாலும் சேம்பர் காலி, பின்னாடி போய் தேடணும். எனக்கு நல்லா பீச்சுச்சு. சிகரெட் பிடிக்கறவங்க இந்த வேலைய வேற யாருக்காவது விட்டுடுங்க, இன்ஜின் சூட்டுல பெட்ரோல் ஆவி சுத்திக்கிட்டுதான் இருக்கும்.

காத்து லீக்கும் பாத்துட்டேன், மானிஃபோல்டு (கலவை சிலிண்டருக்கு போற குழாய்) கேஸ்கெட், கார்புரேட்டர் அடித்தட்டு, பிரேக் பூஸ்டர் பைப்பு. வேக்கம் கேஜ் (இன்ஜின் உறிஞ்சற வேகத்த காட்டற மீட்டர்) மாட்டுனா ஐட்லிங்ல முள்ளு ஆடாம நின்னுச்சு. வால்வு ஏதாவது சரியா மூடலன்னா அந்த முள்ளு ஒரே தாளத்துல விழுந்து விழுந்து எழும், அதுக்கு இது நல்ல கருவி, வெல அதிகமில்லாத கருவியும் கூட. இதோட பெட்ரோல், காத்து ரெண்டையும் மூடிட்டேன்.

இப்ப கரன்ட். நாலு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்ல ஓடும்போது ஒரு செகண்டுக்கு 100 ஸ்பார்க் வேணும். அவ்வளவு தடவ பாயின்ட் மூடி தொறக்குது, மூடும்போது காயிலுக்குள்ள கரன்ட் ஏறுது, தொறக்கும்போது அது வெட்டுப்பட்டு ஆயிரக்கணக்கான வோல்ட்டா ப்ளக்குக்கு போகுது. அமெரிக்க இன்ஜினியர் சார்ல்ஸ் கெட்டரிங் பண்ண ஏற்பாடு இது, 1910 கெடிலாக்ல வந்துச்சு, அதுக்கப்புறம் பல பத்து வருஷம் பெரும்பாலான பெட்ரோல் கார் இதே ஏற்பாட்டுல ஓடுச்சு. அதுல எங்க வேணா வெட்டு விழலாம்.

ஹை டென்ஷன் பக்கம், அதாவது காயிலுக்கு அப்புறம் ப்ளக் வரைக்கும், பாக்கறது சுலபம். ராத்திரி லைட் எல்லாம் அணைச்சுட்டு பானெட்ட தொறந்து இன்ஜின் ஓடும்போது ஒயர் மேல லேசா தண்ணி பனி மாதிரி தெளிச்சா எங்க லீக் இருக்கோ அங்க நீலமா பொறி ஓடும். கைய வெச்சிடாதீங்க, சட்டைக் கை, துண்டு எதுவும் ஃபேன் பெல்ட் பக்கத்துல தொங்கக்கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய கழட்டி உள்பக்கம் டார்ச் அடிச்சு பாத்தா சில மூடியில பென்சில்ல கீறுன மாதிரி மெல்லிசா கறுப்பு கோடு இருக்கும், அது கார்பன் தடம், கரன்ட் அது வழியா தப்பிச்சு போகும். என் மூடி சுத்தமா இருந்துச்சு, ஒயரும் சுத்தம். ப்ளக் நாலையும் கழட்டி வரிசையா வெச்சா நாலும் ஒரே மாதிரி லேசான பழுப்பு நிறம். ஒரு ப்ளக் மட்டும் கறுப்பா இருந்தா அந்த சிலிண்டர் ஒயரு, மூடி, கம்ப்ரெஷன்னு போகலாம், நாலும் ஒரே மாதிரி நல்லா இருந்தா கோளாறு நாலுக்கும் பொதுவான எடத்துல இருக்கு. அதாவது ரோட்டர், காயில், பாயின்ட், கண்டென்சர், சாவி சுவிட்சு, அதுக்கு நடுவுல இருக்க ஒயருங்க.

காயில பத்தி ஒரு வார்த்தை. காயில கூலிங்ல வெச்சு மீட்டர்ல அளந்து நல்லா இருக்குன்னு சொல்றது அரை சோதனைதான். பாயின்ட் வண்டி காயில்ல பேட்டரி கரன்ட் போற பிரைமரி பக்கம் சுமார் 3 ஓம், காயிலுக்கு போற கரன்ட்ட கொறைக்கற பேலாஸ்ட் ரெசிஸ்டர் வெச்ச வண்டின்னா அதுல பாதி, ப்ளக்குக்கு போற செகண்டரி பக்கம் ஆயிரக்கணக்குல. சூடானா உள்ள சுத்தியிருக்க கம்பி விரிஞ்சு எங்கயாவது விட்டுப்போகும், ஆறுனதும் திரும்ப ஒட்டிக்கும். அதனால வண்டி நல்லா ஓடி சூடா இருக்கும்போது அளக்கணும். அளந்தேன், சரியாத்தான் இருந்துச்சு. சாவிக்கொத்து கனமா தொங்குற வண்டியில சாவி சுவிட்சு உள்ள தேஞ்சு லூசாகும், ஓடும்போது சாவிய லேசா ஆட்டிப் பாத்தா தெரிஞ்சுடும், ஆனா பூட்டுற பக்கம் திருப்பிடாதீங்க, ஸ்டியரிங் லாக் ஆயிடும், நின்ன எடத்துல வெச்சு பண்றதுதான் நல்லது.

இவ்வளவும் நின்ன எடத்து சோதனை. கோளாறு ஓடும்போதுதான் வருது, அப்ப மீட்டரும் ஓடும்போது கண்ணு முன்னாடி இருக்கணும். ரெண்டு விஷயம் பண்ணேன். காயிலோட பிளஸ்லேர்ந்து ஒரு நீள ஒயர் இழுத்து கேபினுக்குள்ள ஒரு சின்ன பல்பு, இன்னொரு முனை பாடியில எர்த். நடுவுல ஃப்யூஸ் போட்டேன், ஃப்யூஸ் இல்லாம இந்த மாதிரி ஒயர் இழுக்காதீங்க, எங்கயாவது உரசி பாடியில பட்டா வண்டியே எரியும். இந்த பல்பு எரிஞ்சிட்டே இருந்தா காயிலுக்கு கரன்ட் வருது. மைனஸ் பக்கம் பல்பு போடக்கூடாது, அங்க பாயின்ட் தொறக்கும்போது நூத்துக்கணக்குல வோல்ட் துள்ளும், பல்பு அந்த சக்திய தின்னுட்டு ஸ்பார்க்கையே கெடுத்துடும். அதுக்கு ட்வெல் மீட்டர் இருக்கு, பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கிட்ட தூசி படிஞ்சு கெடக்கும், பாயின்ட் எத்தனை டிகிரி மூடியிருக்குன்னு காட்டற மீட்டர். அதோட ஒயர நீட்டி டேஷ்போர்டு மேல டேப் போட்டு ஒட்டினேன். கூட ஒருத்தர் உக்காந்து அத மட்டும் பாத்துக்கிட்டு வரணும், ஓட்டறவர் ரோட்டத்தான் பாக்கணும். தம்பிய கூட்டிக்கிட்டு கெளம்பினேன்.

சமமான ரோடு, டாப் கியர், கால் லேசா. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் பட்டுனு ஒரு ஜெர்க், "அண்ணா, முள்ளு விழுந்துடுச்சு"ங்கறான். "பல்பு?" "பல்பு அப்படியேதான் எரியுது." திரும்ப வந்துச்சு, திரும்ப அதே. பல்பு அசையல, ட்வெல் முள்ளு 50 டிகிரி பக்கத்துலேர்ந்து பூஜ்யத்துக்கு விழுந்து திரும்ப வருது.

இதுக்கு அர்த்தம் ரொம்ப தெளிவு. காயிலுக்கு கரன்ட் வருது, அதனால சாவி சுவிட்சு, ஃப்யூஸ், பேலாஸ்ட் எல்லாம் தப்பிச்சுது. ட்வெல் பூஜ்யம்னா பாயின்ட் மூடவே இல்லன்னு மீட்டர் நெனைக்குது, அதாவது காயில் மைனஸ்லேர்ந்து எர்த்துக்கு போற பாதை அறுந்து நிக்குது. கண்டென்சர் ஷார்ட்டாகியிருந்தா நேர் எதிரா முள்ளு மேல போயிருக்கும். அப்ப வெட்டு காயில் மைனஸ்லேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டர் வரைக்கும் போற ஒரு ஒயரு, இல்ல டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ள. வெளிய போற ஒயர ஆட்டி இழுத்து பாத்தாச்சு, நல்லா இருந்துச்சு.

கால் லேசா வெச்சா மட்டும் ஏன் வருதுங்கறதுக்கும் இங்கதான் பதில். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டுல ஒரு வட்ட டப்பா இருக்கும், வேக்கம் அட்வான்ஸ், அதுலேர்ந்து ஒரு மெல்லிசு பைப்பு கார்புரேட்டருக்கு போகும். லேசான லோடுல ஓடும்போது சிலிண்டருக்குள்ள போற கலவை கம்மி, மெதுவா எரியும், அதனால ஸ்பார்க்க கொஞ்சம் முன்னாடியே குடுக்கணும், அந்த வேலைய இந்த டப்பா பாக்குது. பாயின்ட் உக்காந்திருக்க தட்ட அது சில டிகிரி திருப்பும். பைப்பு த்ராட்டில் தட்டுக்கு (ஆக்ஸிலேட்டர மிதிச்சா கார்புரேட்டருக்குள்ள தொறக்கற மூடி) கொஞ்சம் மேல இருக்க ஓட்டையில சேருது, அதனால ஐட்லிங்ல த்ராட்டில் மூடியிருக்கும்போது வேக்கம் வராது, பாயின்ட் தட்டு அசையாது. முழுசா மிதிச்சா மானிஃபோல்டுல வேக்கமே இருக்காது, அப்பவும் தட்டு அசையாது. லேசா மிதிச்சு ஒரே வேகத்துல போகும்போதுதான் தட்டு நல்லா திரும்பி நிக்கும். என் நோட்டுல எழுதியிருந்தது அப்படியே இதுதான். மெக்கானிக் ட்ரையல் போகும்போது என்ன பண்ணுவாரு, கியர் மாத்தி மாத்தி நல்லா மிதிச்சு இழுவை பாப்பாரு, அதுல தட்டு பெரும்பாலும் எடத்த விட்டு அசையாது, கோளாறு வராது. அவருக்கு வராம எனக்கு வந்ததுக்கு காரணம் இவ்வளவுதான்.

உறுதி பண்ண அந்த வேக்கம் பைப்ப டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழட்டி முனைய அடைச்சுட்டு அதே ரோட்டுல ஓட்டினேன். பிக்கப் கொஞ்சம் மந்தம், ஆனா மிஸ்ஸிங் சுத்தமா இல்ல. பைப்ப திரும்ப மாட்டினேன், திரும்ப வந்துச்சு. கழட்டினா போகுது மாட்டினா வருதுன்னு ரெண்டு பக்கமும் பாத்தாத்தான் எனக்கு திருப்தி, ஒரு பக்கம் மட்டும் பாத்தா அது தற்செயலாவும் இருக்கலாம்.

அப்புறம் பேட்டரி ஒயர கழட்டிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் ரெண்டையும் எடுத்துட்டு, பாயின்ட் மூடி நிக்கற மாதிரி இன்ஜின திருப்பி வெச்சு, மல்டிமீட்டர கன்டின்யூட்டில (பாதை அறுபடாம இருந்தா பீப் அடிக்கறது) போட்டு ஒரு முனை வெளிய இருக்க டெர்மினல்ல, ஒரு முனை பாடியில. பீப்னு விடாம கத்துச்சு. இப்ப வேக்கம் டப்பாவுல ஒரு புது சுத்தமான பைப்ப மாட்டி வாயால உறிஞ்சினேன். பழைய பைப்புல வாய் வெக்காதீங்க, பெட்ரோல் ஆவி இருக்கும். உறிஞ்ச உறிஞ்ச தட்டு மெதுவா திரும்புது, பாதி திரும்பினதும் பீப் சத்தம் விட்டு விட்டு வருது, முழுசா திரும்பினதும் நின்னுபோச்சு. விட்டா திரும்ப கத்துது.

டெர்மினல்லேர்ந்து பாயின்ட்டுக்கு உள்ள ஒரு சின்ன ஒயர் போகும், விரல் நீளம் கூட இருக்காது. தட்டு திரும்பும்போதெல்லாம் அதுவும் கூட மடங்கி நிமிரணும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்படியே மடங்கி மடங்கி உள்ள இருக்க செம்பு இழையெல்லாம் ஒவ்வொண்ணா அறுந்துடும், மேல இருக்க உறை மட்டும் அப்படியே முழுசா இருக்கும். பாத்தா புது ஒயர் மாதிரி இருந்துச்சு. ரெண்டு முனையையும் பிடிச்சு லேசா இழுத்தேன், நடுவுல ஒரு எடத்துல உறை மெல்லிசாகி நீளுது, செம்பு இருந்திருந்தா நீளாது. பிளேடால உறைய கீறினா உள்ள பச்ச பூத்த இழைங்க பொடிப்பொடியா கொட்டுது, ரெண்டே ரெண்டு இழை முனை முனையா ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்குது. தட்டு திரும்புனா அது விலகும். இவ்வளவு நாள் காயில், பம்ப், கார்புரேட்டர்னு மாத்துன எல்லாத்துக்கும் காரணம் இந்த துண்டு.

மாத்தும்போது வீட்ல கெடக்கற ஏதோ ஒரு ஒயர போட்டுடாதீங்க. கட்டியான இழை வெச்ச ஒயர் சீக்கிரமே திரும்ப அறுந்துடும், தட்டையும் திரும்பவிடாம பிடிச்சு இழுக்கும். ரொம்ப மெல்லிசு இழை நெறைய இருக்க, நல்லா வளையற, சூடு தாங்கற ஒயரா பாத்து, பழைய நீளமே வெச்சு, முனைய கிளிப் போட்டு அழுத்தணும். ஈயம் வெச்சா அது இழைக்குள்ள ஏறி வெறைப்பாயிடும், அந்த வெறைப்பு முடியற எடத்துலயே அடுத்த தடவ அறும். அதே மாதிரி தட்டுலேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கு ஒரு எர்த் பின்னல் கம்பி போகும், அதையும் பாத்துடுங்க. அது அறுந்தா வண்டி உடனே நிக்காது, தட்டு உரசற எடம் வழியா எப்படியோ எர்த் கெடச்சு ஓடும், அங்க கிரீசும் அழுக்கும் சேந்தா அப்பப்ப போகும், அறிகுறி இதே மாதிரிதான் இருக்கும். பாயின்ட்ட தொட்டதால கேப் (அது தொறக்கும்போது வர்ற இடைவெளி) திரும்ப வெச்சேன், என் வண்டிக்கு 0.4 மில்லிமீட்டர், உங்க வண்டிக்கு மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது. கேப் மாறினா டைமிங்கும், அதாவது ஸ்பார்க் வர்ற நேரமும், மாறும், அதனால டைமிங் லைட் போட்டு அதையும் சரிபண்ணேன்.

இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டருக்கு பதிலா பெட்ரோல பீச்சற ஏற்பாடு) வந்த, ஆனா இன்னும் பழசுன்னு சொல்ற வண்டி வெச்சிருக்கவங்களுக்கு பெரும்பாலும் பாயின்ட்டும் கிடையாது இந்த ஒயரும் கிடையாது, ஆனா தேடற விதம் அதேதான். அங்க பாயின்ட்டுக்கு பதிலா கிராங்க் சென்சார் (இன்ஜின் சுத்தறத கம்ப்யூட்டருக்கு சொல்றது), சூடானா சிக்னல் விட்டுப்போய் ஆர்பிஎம் முள்ளு பட்டுனு விழும், ஆறுனதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஹேர் ட்ரையர்ல சூடு பண்ணியோ கூலிங் ஸ்ப்ரே அடிச்சோ நின்ன எடத்துலயே வரவெக்கலாம். மெயின் ரிலே (இன்ஜின் கம்ப்யூட்டருக்கு கரன்ட் குடுக்கற சுவிட்சு) உள்ள சர்க்யூட் போர்டுல ஈயம் வெச்ச எடம் முடி மாதிரி வெடிச்சிருக்கும், லென்ஸ் வெச்சு பாத்தாத்தான் தெரியும், திரும்ப ஈயம் வெச்சா போதும். த்ராட்டில் சென்சார் (த்ராட்டில் எவ்வளவு தொறந்திருக்குன்னு சொல்றது) ஒரே எடத்துல தேஞ்சிருக்கும், ஏன்னா எல்லாரும் பெரும்பாலும் ஒரே வேகத்துலதான் கால் வெச்சு ஓட்டறோம், த்ராட்டில மெதுவா தொறக்கும்போது வோல்டேஜ் அரை வோல்ட்டுலேர்ந்து நாலரை வோல்ட் பக்கத்துக்கு தடங்காம ஏறணும், நடுவுல முள்ளு துள்ளினா அங்கதான் தேய்மானம். இதுக்கு டிஜிட்டல விட முள்ளு வெச்ச பழைய மீட்டர் நல்லது, டிஜிட்டல் அந்த துள்ளல காட்டறதுக்குள்ள அது போயிடும். ஸ்கேனர்ல பி0300 ன்னு வந்தா ஏதோ சிலிண்டர்கள்ல மிஸ்ஸிங்னு மட்டும்தான் சொல்லுது, ஏன்னு சொல்லல, அந்த கோட பாத்து நாலு காயிலையும் மாத்த சொன்னா கேக்காதீங்க.

எந்த வண்டியா இருந்தாலும் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற எர்த் பட்டைய ஒரு தடவ அளந்துடுங்க. இன்ஜின் ஓடி, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டிருக்கும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா அங்க துரு, கழட்டி சுரண்டி மாட்டுனா போதும்.

என் வண்டி இப்ப சமமான ரோட்டுல கால் லேசா வெச்சு எவ்வளவு தூரம் போனாலும் ஒரு ஜெர்க் இல்ல. காலையில கூலிங்ல திடீர்னு மிதிச்சா மட்டும் ஒரு சின்ன தயக்கம் இருக்கு, தாரை பீச்சறது பலமா இருந்தாலும் மிதிச்ச அடுத்த நொடி கழிச்சுத்தான் ஆரம்பிக்குது, ஆக்ஸிலேட்டர் பம்ப் டயஃப்ரம் வெறைச்சுப் போயிருக்கு. அது தெனம் காலையில தவறாம வருது, கேட்டா கேட்ட எடத்துல வருது, அதனால அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.